வெள்ளெழுத்துக்கு வந்தவரிடம் கிளாகோமாவைத் தேடுதல்

கிளாகோமா இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு யாரும் உங்கள் நாற்காலியில் வந்து உட்காருவதில்லை. நாற்பத்திரண்டு வயதில் பேப்பரைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்க வேண்டியிருக்கிறது என்றுதான் வருகிறார்கள். கிட்டத்துக்கு +1.25 போட்டதும் எழுத்து பளிச்சென்று தெரிந்துவிடும். தூரத்துக்கு 6/6 வாசித்துவிடுவார். ஃப்ரேம் பார்த்து, பில் போட்டு அனுப்பிவிடலாம். கிளாகோமா கையைவிட்டு நழுவுவது பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தில்தான். நோய் வெகுதூரம் முற்றும் வரை நடுப்பார்வை அப்படியே இருக்கும், எழுத்துப் பலகை எதையும் காட்டிக்கொடுக்காது.

தென் தமிழகக் கிராமங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. அதில் 2.6 விழுக்காட்டினருக்கு ஏதோவொரு வகைக் கிளாகோமா இருந்தது. திறந்த கோணக் கிளாகோமா கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், தங்களுக்கு அது இருப்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். அந்த விகிதத்தை உங்கள் மேஜைக்குக் கொண்டுவந்து பாருங்கள். நாற்பதைத் தாண்டிய நாற்பது பேருக்குக் கண்ணாடி எழுதினால் அவர்களில் ஒருவர் கிளாகோமாக்காரர். அவர் யார் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

பிரிட்டனில் தனிப் பயிற்சி பெற்ற ஆப்டோமெட்ரிஸ்டுகளும், அமெரிக்காவில் பொதுவாக எல்லா மாநிலத்திலும் ஆப்டோமெட்ரிஸ்டுகளும் கிளாகோமாவுக்குச் சொட்டு மருந்தே எழுதுகிறார்கள். நம் ஊரில் மருந்தைத் தொடங்குவதும் மாற்றுவதும் கண் மருத்துவர் வேலை. நம் வேலை சந்தேகிப்பது, ஒழுங்காக அளப்பது, சரியான அவசரத்தோடு அனுப்புவது, அனுப்பியவர் பாதியில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது. இது சின்ன வேலை என்று நினைப்பவர்கள் இந்த நோயை அருகில் இருந்து பார்க்காதவர்கள்.

கேட்க வேண்டியவை

"வீட்டில் யாருக்காவது கிளாகோமா உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும். "அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க யாராவது கண் பிரஷருக்குச் சொட்டு மருந்து போடுறாங்களா? வயசான காலத்துல யாருக்காவது பார்வை போயிருக்கா?" என்று கேளுங்கள். "அப்பாவுக்குப் பொறை முத்திப்போய் கண்ணு தெரியாமப் போச்சு" என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். புரை அறுவை செய்தும் பார்வை வராத அப்பா என்றால் குடும்ப வரலாறு இருப்பதாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்டீராய்டு. பெயர் சொல்லிக் கேட்டால் தெரியாது. கண் உறுத்தலுக்கு மெடிக்கலில் தாமாக வாங்கிய சொட்டு மருந்து, ஆஸ்துமாவுக்கு இழுக்கும் மருந்து, முகத்துக்குத் தடவும் கிரீம், மூட்டில் போட்ட ஊசி என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இதில் என்னைப் பதறவைப்பவர்கள் குழந்தைகள். கோடை வந்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் ஒவ்வாமைப் பிள்ளைக்கு, யாரோ என்றோ எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தை அம்மா பழைய பாட்டிலைக் காட்டிக் காட்டி வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார். போட்டால் சிவப்பு உடனே அடங்கும், அதனால் மருந்தின் மீது நம்பிக்கை. உள்ளே அழுத்தம் முப்பது, நாற்பது என்று ஏறிக்கொண்டிருக்கும். அடிக்கடி கண் சிவக்கும் பிள்ளை வந்தால் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்கள் இருக்கிறதா பாருங்கள். அழுத்தம் பார்க்காமல் அந்தப் பிள்ளையை வெளியே விடாதீர்கள்.

அழுத்தம்: ஓர் எண், அவ்வளவுதான்

காற்று ஊதும் கருவி வேகமானது. வரிசையாக உட்காரவைத்து அளந்துவிடலாம். ஆனால் அது காட்டும் எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது. 18-க்கு மேல் போனாலோ, இரண்டு கண்ணுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ கோல்ட்மேனில் திரும்பப் பார்ப்பது என்று உங்கள் மையத்துக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். 21 என்பது புள்ளியியல் போட்ட கோடு. நோய் அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. கிளாகோமா உள்ளவர்களில் கணிசமானோருக்கு ஒருமுறை அளக்கும்போது அழுத்தம் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும்.

கோல்ட்மேனில் பிழை வருவது கருவியால் அல்ல, கையால். ஃப்ளோரெசின் அதிகமாகிவிட்டால் பச்சை அரைவட்டங்கள் தடித்துத் தெரியும், அழுத்தம் கூடுதலாக வரும். சாயம் போதாமல் வட்டம் மெலிந்தால் குறைவாக வரும். இரண்டு அரைவட்டங்களின் உள்விளிம்புகள் தொடும் இடத்தில்தான் டயலைப் படிக்க வேண்டும். நாடித் துடிப்போடு அவை அசையும். அந்த அசைவின் நடுவைப் பிடியுங்கள். இமையைத் தூக்கும் விரல் எலும்பின் மீது இருக்கட்டும், கண்ணை அழுத்தக் கூடாது. பருத்த உடம்புக்காரர் தாடையை எட்டிவைக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தால், அல்லது சட்டைக் காலர் இறுக்கமாக இருந்தால், இரண்டு மூன்று மி.மீ. சும்மாவே ஏறும். "பட்டனைக் கழட்டி விடுங்கண்ணே, மூச்சை விடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிலிண்டர் 3-க்கு மேல் இருந்தால் ப்ரிஸத்தைத் திருப்பி, மைனஸ் சிலிண்டர் அச்சைச் சிவப்புக் கோட்டுக்கு நேராக வையுங்கள்.

0, 20, 60 ஆகிய மூன்று இடங்களிலும் எடைக்கம்பியை வைத்துக் கருவியைச் சரிபார்க்கும் வழக்கம் பல இடங்களில் விட்டுப்போயிருக்கிறது. கம்பி இழுப்பறையில் உறையோடு கிடக்கும். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ப்ரிஸத்தைக் கிருமிநீக்கியில் நனைத்தால் நன்றாகக் கழுவித் துடைத்த பிறகே அடுத்த கண்ணில் வைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் துளி கருவிழியைப் புண்ணாக்கும்.

கருவிழியின் தடிமன் இந்த எண்ணோடு சேர்த்தே பார்க்க வேண்டியது. கோல்ட்மேன் கணக்கு சுமார் 520 மைக்ரான் தடிமனை மனத்தில் வைத்துப் போட்டது. சென்னை கிளாகோமா ஆய்வில் நம் மக்களின் சராசரி சுமார் 511 மைக்ரான். 470 மைக்ரான் கருவிழியில் 19 என்று வந்தால் நிம்மதியடைய இடமில்லை. லேசிக் செய்துகொண்டவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆனால் தடிமனுக்கு ஏற்ப இத்தனை கூட்டு, இத்தனை கழி என்று சுவரில் ஒட்டிவைத்திருக்கும் அட்டவணைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. மெல்லிசு, நடுத்தரம், தடிமன் என்று மூன்றாகப் பிரித்து எழுதினாலே மருத்துவருக்குப் போதும். அளந்த நேரத்தையும் எழுதுங்கள். காலை ஒன்பது மணி 16-ம் மாலை ஐந்து மணி 16-ம் ஒன்றல்ல.

பாப்பா விரிக்கும் முன்

விரிக்கும் சொட்டு மருந்து போடுவதற்கு முன் இரண்டு சோதனைகள். ஒன்று, டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றி அடித்துப் பாப்பா சுருங்குவதைப் பார்ப்பது. காசு செலவில்லை, அரை நிமிடம் ஆகும். வெளிச்சம் வந்தும் ஒரு பாப்பா விரிந்தால் அந்தப் பக்க நரம்பு மற்றதைவிட அதிகம் அடிபட்டிருக்கிறது. விரித்துவிட்டால் இந்தத் தகவல் அன்றைக்குக் கிடைக்காது.

இரண்டாவது, வான் ஹெரிக் முறை. ஸ்லிட் லாம்பின் ஒளியை 60 பாகைக்குச் சாய்த்து, கருவிழியின் ஓரத்தில் மெல்லிய கீற்றாக விழவைத்து, கருவிழிக்கும் ஐரிஸுக்கும் நடுவே தெரியும் இருட்டு இடைவெளியைக் கருவிழியின் தடிமனோடு ஒப்பிடுவது. இடைவெளி கால்பங்கோ அதற்குக் குறைவோ இருந்தால் கோணம் குறுகல். விரிக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். கோணம் உண்மையில் மூடுகிறதா என்பதைக் கோனியோஸ்கோப்பி மட்டுமே சொல்லும். அதைச் செய்யப் பயிற்சி பெற்றவர்கள் அறையை இருட்டாக்கி, ஒரு மி.மீ. ஒளிக்கீற்றைப் பாப்பாவின் மீது படாமல் வைத்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பாப்பா சுருங்கும், மூடியிருக்கும் கோணமும் திறந்ததுபோலத் தெரியும்.

கோணம் திடீரென்று அடைத்துக்கொண்டு வருபவர் சில நேரம் கண்ணைப் பற்றியே பேசமாட்டார். மண்டையிடி, வாந்தி என்று ஒரு டாக்டரிடம் ஊசி போட்டுவிட்டு, பார்வை மங்கலாக இருக்கிறதே என்று கண்ணாடி மாற்ற வருவார். கருவிழி மங்கல், பாப்பா பாதி விரிந்து அசையாமல் நிற்கும், பல்பைச் சுற்றி வானவில் வட்டம், மூடிய இமைக்கு மேலே விரல் வைத்தால் கல் மாதிரி. இவருக்கு அன்று பவர் பார்க்க வேண்டாம். மருத்துவருக்குப் போன் அடித்து, அவர் சொல்வதைச் செய்து, துணைக்கு ஆளோடு உடனே அனுப்புங்கள். நாளைக்குக் காலையில் போகிறேன் என்று சொன்னால் விடக் கூடாது.

டிஸ்க்கைப் பார்க்கும் கண்

கிளாகோமா தெரிவது நரம்பின் தலையில். 0.6, 0.7 என்று கப்பின் விகிதத்தை எழுதிவிட்டு நகர்வது நம் தொழிலில் ஊறிப்போன பழக்கம், அந்த எண்ணுக்கு இத்தனை மதிப்பு தேவையில்லை. பெரிய டிஸ்க்கில் 0.7 பிறவி அமைப்பாக இருக்கலாம், சின்ன டிஸ்க்கில் 0.5-ஏ நோயாக இருக்கலாம். ஆகவே முதலில் டிஸ்க்கின் உயரத்தை அளந்துவிடுங்கள். 90 டயாப்டர் லென்ஸை வைத்து, ஸ்லிட் ஒளியின் உயரத்தை டிஸ்க்கின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை சுருக்கி, ஸ்லிட் லாம்பின் அளவுகோலைப் படித்து 1.3-ஆல் பெருக்குங்கள். 78 டயாப்டர் என்றால் 1.1. ஒன்றரை மி.மீ.க்குக் கீழே சின்னது, 2.2-க்கு மேல் பெரியது.

பிறகு கப்பைப் பார்க்காதீர்கள், ரிம்மைப் பாருங்கள். குழியைப் பார்த்தால் வெளிறிய நிறம் கண்ணை ஏமாற்றும், நிறம் முடியும் இடமும் பள்ளம் முடியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சின்ன ரத்தக்குழாய் எங்கே வளைந்து கீழே இறங்குகிறதோ அங்கேதான் ரிம்மின் விளிம்பு. சாதாரணக் கண்ணில் ரிம் கீழே அதிகத் தடிமனாகவும், அடுத்து மேலேயும், பிறகு மூக்குப் பக்கமும், காது பக்கம் மிக மெல்லியதாகவும் இருக்கும். கீழ்ப்பக்க ரிம் காது பக்கத்தைவிட மெலிந்து தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். ஆறு மணிக்குச் சற்றுத் தள்ளிய காது பக்கக் கீழ்ப்பகுதிதான் கிளாகோமா அடிக்கடி முதலில் கடிக்கும் இடம்.

அந்த விளிம்பில் தீக்குச்சித் தலைக்கும் குறைவான நீளத்தில், நரம்பிழைகளின் போக்கிலேயே ஒரு மெல்லிய சிவப்புக் கோடு தெரியலாம். டிஸ்க் ரத்தக்கசிவு. ஓரிரு மாதங்களில் மறைந்துவிடும் என்பதால், பார்த்த அன்றே பதிவு செய்யாவிட்டால் அடுத்தவர் பார்க்கமாட்டார். அழுத்தம் 14 இருந்தாலும், ஃபீல்டு நன்றாக இருந்தாலும், இந்தக் கோடு ஒன்றுக்காகவே அனுப்பலாம். பிறகு பச்சை வடிகட்டியைப் போட்டு, டிஸ்க்கிலிருந்து கிளம்பும் வெள்ளிக் கோடுகளுக்கு நடுவே கருத்த ஆப்பு போல ஓர் இடைவெளி விரிந்து போகிறதா என்று பாருங்கள். இரண்டு கண்ணையும் ஒப்பிடாமல் எழுந்துவிடாதீர்கள். பவரும் டிஸ்க் அளவும் ஒன்றாக இருக்கும்போது கப்பில் 0.2-க்கு மேல் வேறுபாடு இருப்பது நல்ல அறிகுறியல்ல.

ஒரு விஷயத்தில் மட்டும் கிளாகோமா என்று எழுத அவசரப்படக் கூடாது. கப் சிறியது, ஆனால் ரிம்மே வெளிறிக் கிடக்கிறது. பார்வை 6/24, நிறம் மங்கல், ஃபீல்டில் குறைபாடு நடுக்கோட்டை ஒட்டிச் செங்குத்தாக நிற்கிறது. இது நரம்பை வேறு ஏதோ அழுத்துகிறது என்பதற்கான அறிகுறி. மண்டை ஸ்கேன் தேவைப்படலாம் என்று கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

விரித்த பிறகு லென்ஸின் முன்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பாப்பாவின் விளிம்பிலோ லென்ஸின் மீதோ பொடுகு போலச் சாம்பல் துகள் இருந்தால் அது சூடோஎக்ஸ்ஃபோலியேஷன். வெயிலில் உழைத்த பெரியவர்களிடம் தென்னாட்டில் அடிக்கடி பார்க்கலாம். அழுத்தம் வேகமாக ஏறும் வகை. புரை அறுவை செய்யும் மருத்துவருக்கும் இது முன்கூட்டியே தெரிய வேண்டிய தகவல்.

ஃபீல்டு டெஸ்ட்டும் ஸ்கேனும்

ஃபீல்டு டெஸ்ட்டின் தரம் மெஷினைவிட அதை நடத்துபவரின் வாயில் இருக்கிறது. "விளக்கு தெரிஞ்சா அழுத்துங்க" என்று மட்டும் சொன்னால் பரீட்சை எழுத வந்தவர்போல எல்லாவற்றையும் பிடிக்கப் பார்ப்பார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அய்யா, நடுவுல இருக்கிற மஞ்சப் புள்ளியை மட்டும் பாருங்க. பக்கத்துல எங்கேயாவது மின்னுச்சுன்னா பட்டனைத் தட்டுங்க. பாதி விளக்கு யாருக்குமே தெரியாது, மெஷின் வேணும்னே மங்கலாப் போடும். கண்ணை இமைக்கலாம். களைப்பா இருந்தா பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கோங்க, நிக்கும்." அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களும் பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை.

கிட்டத்துக்கான பவரைச் சரியாகப் போட்டு, லென்ஸைக் கண்ணுக்கு நெருக்கமாக வையுங்கள். தள்ளியிருந்தால் அதன் விளிம்பே ஃபீல்டின் ஓரத்தில் குறைபாடாகப் பதிவாகும். தொங்கும் இமையைப் பிளாஸ்டர் ஒட்டித் தூக்கிவிடாவிட்டால் மேல்பாதி முழுக்கக் கறுத்துவரும். மருத்துவர் பார்த்துப் பயப்படுவார். தவறான அழுத்தல் 15 விழுக்காட்டைத் தாண்டிய ரிப்போர்ட்டை எறிந்துவிடலாம். சாம்பல் படத்தில் இயல்புக்கு மீறி வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அவர் தெரியாத விளக்குக்கும் பட்டனைத் தட்டியிருக்கிறார் என்று பொருள். சாம்பல் படத்தை நோயாளிக்குக் காட்ட வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் படிக்க வேண்டியது பேட்டர்ன் டீவியேஷன் படம். அதில் ஒட்டியிருக்கும் மூன்று புள்ளிகள் 5 விழுக்காட்டு மட்டத்திலும், அவற்றில் ஒன்றாவது 1 விழுக்காட்டு மட்டத்திலும் குறைந்து, அதே இடம் அடுத்த டெஸ்ட்டிலும் குறைந்தால் அது உண்மையான குறைபாடு. முதல் டெஸ்ட்டை வைத்து யாருக்கும் நோய்ப் பெயர் சூட்ட வேண்டாம், பலருக்கு இரண்டாவது தடவைதான் கை பழகும். 24-2 சோதனையில் புள்ளிகள் ஆறு பாகைக்கு ஒன்று வீதம் 54 மட்டுமே. நடுவுக்கு அருகே ஒரு புள்ளி இருண்டால் இரண்டு பாகைக்கு ஒன்று வைத்துப் பார்க்கும் 10-2 சோதனையையும் செய்துவிடுங்கள்.

ஓசிடி ஸ்கேனில் சிவப்பு வந்தாலே நோய் என்றில்லை. மைனஸ் பவர் அதிகமுள்ள கண்ணில் நரம்பிழைகளின் உச்சிகள் இடம் மாறியிருக்கும், மெஷின் சிவப்பு அடித்துவிடும். எல்லாம் பச்சையாக வந்தும் டிஸ்க்கில் கோளாறு தெரிந்தால் டிஸ்க்கை நம்புங்கள். சிக்னல் வலிமை பத்துக்கு ஆறுக்குக் கீழே இருந்தால் ஸ்கேனைத் திரும்ப எடுங்கள். இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

அனுப்பும் கடிதம்

"கிளாகோமா சந்தேகம், தயவுசெய்து பார்க்கவும்" என்று எழுதும் கடிதத்தால் யாருக்கும் பயனில்லை. அழுத்தம், அளந்த கருவி, நேரம், கருவிழித் தடிமன், கோணம், டிஸ்க்கின் உயரம், ரிம் மெலிந்த இடம், டார்ச் சோதனையின் முடிவு, குடும்பத்தில் யாருக்கு, ஆஸ்துமா அல்லது இதயக் கோளாறு உண்டா என்று அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். கோணம் அடைத்தவர் இன்றே போக வேண்டும். 30-க்கு மேல் அழுத்தம் உள்ளவர் இரண்டு மூன்று நாளுக்குள். டிஸ்க் சந்தேகம் மட்டும் என்றால் ஓரிரு வாரம். "வசதிப்படும்போது" என்ற சொல்லை எழுதவே வேண்டாம், நோயாளிக்கு வசதி அறுவடைக்குப் பிறகுதான் வரும்.

நோயாளியிடம் சொல்லும் சொற்களும் முக்கியம். குருடாகிவிடுவீர்கள் என்று பயமுறுத்தினால் சிலர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். "அம்மா, கண் நரம்புல ஒரு இடம் மெலிஞ்ச மாதிரி இருக்கு. போன பார்வை திரும்பாது, இருக்கிற பார்வையைக் காப்பாத்தலாம். அதுக்கு டாக்டர் ஒரு தடவை பாக்கணும்" என்றால் போதும்.

மருந்து தொடங்கிய பிறகு

சிகிச்சை என்பது அழுத்தத்தைக் குறைப்பதுதான், வேறு வழி இன்னும் இல்லை. ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வில், அழுத்தம் ஒவ்வொரு 1 மி.மீ. குறையும்போதும் நோய் முற்றும் அபாயம் சுமார் 10 விழுக்காடு குறைந்தது. முதல் சிகிச்சையாக லேசர் செய்தாலும் பலருக்கு நன்றாகவே போகிறது. பிரிட்டனில் 2019-இல் வெளியான லைட் ஆய்வில் லேசர் செய்துகொண்டவர்களில் 74 விழுக்காட்டினருக்கு மூன்று ஆண்டு வரை சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. மாதாமாதம் மருந்து வாங்க முடியாதவரிடம் இப்படியும் ஒரு வழி இருப்பதைச் சொல்லி, மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

திரும்ப வருபவரிடம் "மருந்து ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்பார். "போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள், உண்மை வரும். பாட்டிலும் பேசும். லாட்டனோப்ராஸ்ட் 2.5 மி.லி. பாட்டிலில் சுமார் 80 சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கும் இரவு ஒரு சொட்டு என்றால் மாதத்துக்கு 60. பதினைந்தே நாளில் தீர்ந்தால் பாதிச் சொட்டு கன்னத்தில் விழுகிறது. இரண்டு மாதம் ஓடினால் அவர் போடவில்லை. திறக்காத பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடென்றால் மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்து கேட்கலாம். திறந்த பாட்டிலில் தேதி எழுதி, ஒரு மாதத்தில் தூக்கிப்போடச் சொல்லுங்கள். டிவி மேலேயோ பைக் பெட்டியிலோ வைக்க வேண்டாம்.

உங்கள் கண்முன்னால் ஒரு சொட்டு போட்டுக்காட்டச் சொல்லுங்கள். அண்ணாந்து, கீழ் இமையை இழுத்துப் பையாக்கி, நுனி இமையில் படாமல் ஒரே ஒரு சொட்டு. பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து. கை நடுங்கும் பாட்டிக்குப் பேத்தியைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பதே சரி.

டிமோலால் போடுபவர் மாடிப்படி ஏறினால் இளைக்கிறது, தலை சுற்றுகிறது என்றால் நாடி பாருங்கள். 50-ஐத் தொட்டாலோ, பழைய ஆஸ்துமா திரும்பியிருந்தாலோ அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். லாட்டனோப்ராஸ்ட் போட்டதும் கண் சிவந்து, பயந்து தாமாக நிறுத்தியவர்கள் நிறையப் பேர். ஆரம்பச் சிவப்பு பெரும்பாலும் குறையும் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் நிறுத்தமாட்டார். பிரிமோனிடின் போட்டு மாதங்கள் கழித்து இமை தடித்து அரித்தால் ஒவ்வாமை, மருந்தை மாற்ற வேண்டும். பக்கத்தில் வண்டி வருவது தெரியவில்லை என்று சொல்பவரிடம் இரவில் பைக் ஓட்டுவதைப் பற்றி மனம் விட்டுப் பேசுங்கள்.

ஒவ்வொரு மையத்திலும் ஒரு நோட்டு போடுங்கள். பெயர், போன் நம்பர், அடுத்து வர வேண்டிய தேதி, கடைசி அழுத்தம், எந்தக் கண் மோசம். தேதி தாண்டி இரண்டு வாரமாகியும் வராதவருக்குப் போன் அடிக்க ஓர் ஆளை நியமியுங்கள், பெரும்பாலும் மருந்து தீர்ந்து வாங்காமல் விட்டிருப்பார். கூடப்பிறந்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் அதே நோட்டில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று ஒரு பத்தி ஒதுக்கி, நாற்பதைத் தாண்டியவர்களில் யார் வந்து பார்த்தார்கள், யார் இன்னும் வரவில்லை என்று குறித்து வையுங்கள். தீபாவளி, பொங்கல் என்று வெளியூரிலிருந்து ஊருக்கு வரும் நாள்களில் அவர்களைப் பிடிப்பது எளிது.